மின்சாரம் வரும்போது யாரை உள்ளே இறக்குவது?

ஒற்றை வகை அணிகள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போக்கிமொன் போட்டிகளின் ஒற்றை வகை ஆட்டத்தைப் பற்றியவையாக இருந்தன. அணியிலுள்ள ஆறு போக்கிமொன்களும் ஏதேனும் ஒரு வகையைப் பொதுவாகக் கொண்டிருக்க வேண்டும் என்பதே அந்த ஆட்டத்தின் விதி. ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவன். சனிக்கிழமைகளில் ரியூஷன் முடிந்த பிறகு நண்பர்கள் ஐவரும் நானும் இணையத்தில் போக்கிமொன் ஷோடவுன் மூலம் ஆடுவோம். ஆளுக்கு ஒரு வகை. எனக்கு வாய்த்தது நீர் வகை. எங்கள் வட்டத்தில் ஆட்டத்தின் நடுவே வகையை மாற்றும் டெரா மாற்றத்துக்கும், மழையை நீட்டிக்கும் டேம்ப் ரொக் பொருளுக்கும் அனுமதி இல்லை. எனது அணி, இறங்கும்போதே மழையைக் கொண்டுவரும் பெலிப்பர், பராஸ்கியூடா, ஃபுளோட்செல், கைராடோஸ், டொண்டோசோ, அசுமரில். பராஸ்கியூடாவுக்கு, வேகத்தைக் கூட்டும் ஜொலி இயல்பு கொடுத்திருக்கிறேன். மழையில் என் அணி மிக வேகமாக அடிக்கிறது. ஆனாலும் மின் வகை நண்பனிடமும் புல் வகை நண்பனிடமும் தொடர்ந்து தோற்கிறேன். இன்னும் பலமாகத் தாக்கும் ஒன்றைச் சேர்த்தால் சரியாகுமா? கைராடோஸ் எனக்கு மிகவும் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: தம்பி, உங்கள் அணியில் தாக்கும் பலத்துக்குக் குறைவில்லை. மின்சாரத் தாக்குதல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தாலும், அதற்கு முன்னால் நம்பி இறக்க உங்களிடம் ஒருவரும் இல்லை. இன்னொரு பலசாலியைச் சேர்த்தால் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும்.

ஒரு தாளில் ஆறு பெயர்களையும் எழுதி, பக்கத்தில் மின், புல் என்று இரண்டு கட்டங்கள் போட்டுப் பாருங்கள். நீர் வகைக்கு உள்ள பலவீனங்கள் இவை இரண்டு மட்டுமே. மின் கட்டத்தில் பெலிப்பருக்கும் கைராடோஸுக்கும் நான்கு மடங்கு சேதம், ஏனைய நால்வருக்கும் இரண்டு மடங்கு என்று வரும். ஆறு பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. புல் கட்டத்தில் பெலிப்பரும் கைராடோஸும் பறக்கும் வகையின் துணையால் சாதாரண அளவில் நிற்க, மற்ற நால்வரும் இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். கலப்பு அணியில் ஒருவரின் பலவீனத்தை இன்னொருவர் மறைத்துவிடுவார். ஒற்றை வகை அணியில் முதல் வகை எல்லாருக்கும் பொது என்பதால் பலவீனமும் பொதுவாகிவிடுகிறது. அதைத் தணிப்பது ஒவ்வொருவரும் தன்னோடு கொண்டுவரும் இரண்டாவது வகை மட்டுமே. உங்கள் அணியில் மூவருக்கு இரண்டாவது வகையே இல்லை, இருவருடைய இரண்டாவது வகை மின்சாரத்தின் முன்னே நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது.

உங்கள் அணியை மாற்றமின்றி எடுத்து, மின் வகை அணி வைத்திருக்கும் ஒருவரோடு நானே ஆடிப் பார்த்தேன். முதற்சுற்றில் என் பெலிப்பருக்கு எதிரே மெக்னசோன் நின்றது. அடித்துவிட்டுத் தன் இடத்தை இன்னொருவருக்கு விடும் மின் தாக்குதலாகிய வோல்ட் சுவிட்ச் வரும் என்று தெரிந்ததால் பெலிப்பரை எடுத்துவிட்டு டொண்டோசோவை இறக்கினேன். உங்களிடம் உள்ளதில் அதிக உயிர் கொண்டது அதுதான், ஆனால் அதன் விசேட தற்காப்பின் அடிப்படைப் புள்ளி வெறும் 65. ஒரே அடியில் உயிரில் முக்காற்பங்கு போயிற்று. அடித்த மெக்னசோனோ வோல்ட் சுவிட்சின் தன்மைப்படி பின்னால் போய், டொண்டோசோவை முடிக்கக்கூடிய இன்னொருவருக்கு இடம் விட்டது. சரியாக ஊகித்தும் தோற்றேன். ஊகம் சரியாக இருந்தும் ஒரு சுற்றில் நட்டப்பட நேர்ந்தால் பிழை ஆட்டத்தில் இல்லை, அணியில் இருக்கிறது.

முதலாவது மாற்றமாக, கைராடோஸின் இடத்தில் ஸ்வொம்பேர்ட்டைச் சேருங்கள். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தே சொல்கிறேன். நீரும் தரையும் சேர்ந்த ஸ்வொம்பேர்ட்டை மின்சாரம் தீண்டாது. அது நேரே நின்று அடியைத் தடுப்பது பாதிப் பயன்தான். மறுபாதி, அது பின்னால் அமர்ந்திருக்கும்போதே கிடைக்கிறது. தரை வகை மீது பட்ட வோல்ட் சுவிட்ச் பலிக்காமல் போவதோடு, அடித்தவரும் மாற முடியாமல் அங்கேயே நின்றுவிடுவார். அதே மெக்னசோன் அதே வோல்ட் சுவிட்சை அடித்து ஸ்வொம்பேர்ட் முன் மாட்டிக்கொண்டால், அடுத்த சுற்றில் தரைத் தாக்குதலாகிய எர்த்குவேக் அதற்கு நான்கு மடங்கு. இதை ஒருமுறை அனுபவித்த நண்பர் பிறகு அந்தப் பொத்தானை அழுத்தவே தயங்குவார். அந்தத் தயக்கத்தில் பெலிப்பருக்கும் பராஸ்கியூடாவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஸ்வொம்பேர்ட்டுக்கு ஸ்டெல்த் ரொக் (உள்ளே வரும் எதிரியைக் குத்தும் கற்களைக் களத்தில் விரிப்பது), எர்த்குவேக், ஃபிளிப் டேர்ன் (அடித்துவிட்டு வெளியேறுவது) மூன்றும் கட்டாயம். நான்காவது உங்கள் விருப்பம். பிற்காலத்தில் ஸ்கார்லட், வயலட் விளையாட்டிலேயே இந்த அணியை வளர்க்க விரும்பினால், மேலதிகப் பகுதி வாங்காமலே கிடைக்கும் கஸ்ட்ரோடொன் இதே வேலையைச் செய்யும். எதிரியின் நீர்த் தாக்குதலையும் ஸ்டோர்ம் ட்ரெயின் திறனால் விழுங்கிவிடும்.

கைராடோஸை வீசிவிட வேண்டாம். நீரும் பறத்தலும் சேர்ந்தது என்பதால், நண்பர்களோடு வகையை மாற்றிக்கொள்ளும் நாளில் பறக்கும் வகை அணியில் அது தாராளமாக இடம்பெறலாம்.

இரண்டாவது மாற்றம், ஃபுளோட்செலுக்குப் பதிலாகக் கிங்ட்ரா. இருவருக்கும் மழையில் வேகத்தை இரட்டிக்கும் ஸ்விஃப்ட் சுவிம் திறன் உண்டு. ஆனால் ஃபுளோட்செல் செய்வதைப் பராஸ்கியூடா ஏற்கெனவே இன்னும் நன்றாகச் செய்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு பேர். கிங்ட்ராவின் இரண்டாவது வகையாகிய டிராகன், மின்சாரத்தையும் புல்லையும் சாதாரண அளவுக்கு இறக்கிவிடுகிறது. அதற்கு மிஞ்சும் பலவீனம் டிராகனும் தேவதை வகையும் மட்டுமே, டிராகன் தாக்குதல் வந்தால் அதனால் தீண்டப்படாத அசுமரில் உங்களிடம் இருக்கிறது. பராஸ்கியூடா உடல் வலுவால் அடிக்கும், கிங்ட்ரா விசேடத் தாக்குதலால் அடிக்கும். ஒன்றைத் தாங்கும் சுவர் மற்றதைத் தாங்காது.

கிங்ட்ராவின் அடிப்படை வேகம் 85தானே என்று தயங்குவீர்கள். 100ஆம் மட்டத்தில் வேகத்துக்கு 252 ஈ.வி. (பயிற்சிப் புள்ளிகள்) கொடுத்து, வேகத்தைக் கூட்டாத மொடஸ்ட் இயல்பு வைத்தால் அதன் வேகம் 269. மழையில் இருமடங்காகி 538. அடிப்படை வேகம் 100 உள்ள ஒன்று, வேகத்தைக் கூட்டும் இயல்போடு 328 பெற்று, அதற்குமேல் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சொய்ஸ் ஸ்கார்ஃபையும் அணிந்தால் 492தான் வரும். ஆகவே மொடஸ்ட் போதும். வேகத்துக்காக அடியின் பலத்தைக் குறைக்க வேண்டியதில்லை. பராஸ்கியூடாவுக்கும் இதே கணக்குத்தான். உங்களுடையது ஜொலி இயல்பு என்று எழுதியிருந்தீர்கள். அப்போது மழையில் வேகம் 816, தாக்குதல் 345. அடமண்டுக்கு மாற்றினால் வேகம் 742 ஆகக் குறையும், தாக்குதல் 379 ஆக உயரும். 742ஐத் தாண்டும் எதிரியைச் சந்திப்பது மிக அரிது. மழை நின்றபின் மட்டும் இந்த மாற்றம் உறைக்கும்: ஜொலியில் 408 ஆக இருந்த வேகம் 371 ஆகிவிடுவதால், அடிப்படை வேகம் 120 உள்ளவை வேகம் கூட்டும் இயல்போடு வந்தால் 372 பெற்று ஒரே ஒரு புள்ளியால் முந்திவிடும். மழை இருக்கும்போது மட்டும் பராஸ்கியூடாவை இறக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அடமண்ட் நல்லது.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழை அணி வைத்திருப்பவர்கள் அதிகம் வீணாக்குவது மழையைத்தான். டேம்ப் ரொக் இல்லாவிட்டால் மழை ஐந்து சுற்று. ஆட்டத்தின் நடுவில் பெலிப்பர் உள்ளே வருகிற சுற்று ஒன்று, அது யூ-டேர்ன் அடித்து வெளியேறும் சுற்று இன்னொன்று. மிஞ்சுவது மூன்று அடிகள். ஐப்பசி மாதத்துக் கொழும்பு மழைபோலக் கொட்டித் தீர்த்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். ஆட்டத் தொடக்கத்திலேயே பெலிப்பரை முன்னிறுத்தினால் நான்கு அடிகள் கிடைக்கும். ஆகவே ஒரு ஆட்டத்தில் பெலிப்பர் மூன்று நான்கு முறையாவது உள்ளே வந்தாக வேண்டும். எதிரி ஸ்டெல்த் ரொக் விரித்திருந்தால், பறக்கும் வகையான பெலிப்பர் வரும் ஒவ்வொரு முறையும் முழு உயிரில் காற்பங்கை இழக்கும். இடையில் ரூஸ்ட் போட்டு ஆறாவிட்டால், யாரும் அடிக்காமலே நான்காவது வருகையோடு கதை முடிந்துவிடும். அதனால் பெலிப்பருக்குக் கொடுக்க வேண்டிய பொருள், அந்தக் கற்களிலிருந்து காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ்தான், வேறெதுவும் வேண்டாம்.

பெலிப்பரின் வேகத்துக்கு ஒரு ஈ.வி. கூடக் கொடுக்காதீர்கள். எதிரி முதலில் அடிக்கட்டும். அந்த அடியைப் பெலிப்பர் வாங்கிக்கொண்டு அதன்பிறகு யூ-டேர்னால் வெளியேறினால், உள்ளே வரும் கிங்ட்ரா ஒரு கீறலும் இல்லாமல் வரும். பெலிப்பரே முந்திச் சென்றுவிட்டால் அந்த அடி கிங்ட்ரா மீது விழும். மெதுவாக இருப்பதே இங்கே பலம்.

புல் வகை நண்பன் விடயம். ஸ்வொம்பேர்ட் வந்ததும் உங்கள் அணிக்குப் புல்லின் முன்னே நான்கு மடங்குப் பலவீனம் ஒன்று புதிதாகச் சேர்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அந்த நண்பனிடம் ஆடும் நாளில் ஸ்வொம்பேர்ட் ஸ்டெல்த் ரொக்கை விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். அவனிடம் ரிலபூம் இருக்கிறதென்றால் உங்கள் வேகத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை, ஏனென்றால் புல்தரை விரிந்திருக்கும்போது அதன் கிராஸி கிளைட் முந்துரிமையோடு வரும். 742 வேகமும் அதற்குப் பின்னால்தான் நகரும். அப்போது நிற்க வேண்டியவர்கள் பெலிப்பரும் கிங்ட்ராவும். இருவருக்கும் பறக்கும் வகைத் தாக்குதலாகிய ஹரிகேன் தெரியும், மழையில் அது குறி தப்பாது, புல் வகைக்கு இரண்டு மடங்கு. இவ்வளவும் போதாது என்று கண்டால் மட்டும், டொண்டோசோவின் இடத்தில் நஞ்சும் நீரும் சேர்ந்த டொக்ஸபெக்ஸை யோசியுங்கள். புல்லைச் சாதாரண அளவில் தாங்கி, ரிஜெனரேட்டர் திறனால் வெளியேறும்போதெல்லாம் மூன்றிலொரு பங்கு உயிரை மீட்கும். ஆனால் டொண்டோசோவின் அனவேர் திறன், தன்னைத்தானே பலப்படுத்திக்கொண்டு வரும் எதிரிகளின் அந்தப் பலத்தைக் கணக்கிலேயே எடுக்காதது. அதை இழப்பது சிறிய இழப்பல்ல. ஆகவே முதல் இரண்டு மாற்றங்களோடு இருபது ஆட்டம் ஆடிப் பாருங்கள். மூன்றாவதைப் பற்றி அதன்பிறகு எழுதுங்கள்.

கேள்வி: நானும் மழை அணிதான் வைத்திருக்கிறேன். சில ஆட்டங்களில் முதற்சுற்றிலேயே என் மழை மறைந்து வெயிலோ மணற்புயலோ வந்துவிடுகிறது. சில ஆட்டங்களில் என் மழையே நிலைக்கிறது. இது தற்செயலா? – வாசகி, தெஹிவளை

பதில்: தற்செயல் இல்லை. இரு பக்கத்திலும் வானிலையைக் கொண்டுவரும் திறனுள்ளவை ஒரே நேரத்தில் களத்தில் இறங்கினால், வேகமானதன் திறன் முதலிலும் மெதுவானதன் திறன் பின்னரும் வேலை செய்யும். பின்னால் வந்த வானிலை முன்னதை அழித்துவிடும் என்பதால் மெதுவாக உள்ளவரே வெல்கிறார். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65. வெயில் கொண்டுவரும் நைன்டேல்ஸின் வேகம் 100, ஆகவே அதன் முன்னே உங்கள் மழை நிலைக்கும். அதே வெயிலைக் கொண்டுவரும் டோர்கோலின் வேகம் 20. அதன் முன்னே உங்கள் மழை மறையும். டோர்கோலை எதிரே கண்டால் பெலிப்பரை முதலில் நிறுத்தாமல், டோர்கோல் இறங்கிய பிறகு கொண்டுவாருங்கள்.

மணற்புயலைக் கொண்டுவரும் டிரனிட்டார் மிகவும் நெருக்கமான கணக்கு. இருவருக்கும் வேகத்தில் ஈ.வி. இல்லாவிட்டால் டிரனிட்டாருக்கு 158, பெலிப்பருக்கு 166; எட்டுப் புள்ளியால் உங்கள் மழை தோற்கிறது. பெலிப்பருக்கு வேகத்தைக் குறைத்துத் தற்காப்பைக் கூட்டும் ரிலக்ஸ்ட் இயல்பைக் கொடுத்தால் அதன் வேகம் 149 ஆகும். மழை உங்களுடையது. மேலே வெள்ளவத்தைத் தம்பிக்குச் சொன்ன மெதுவான யூ-டேர்னுக்கும் அந்த இயல்பு உதவும்.

கேள்வி: பத்து வகைகளைத் தாங்கும் என்று கேள்விப்பட்டு உருக்கு வகையைத் தெரிவுசெய்தேன். இருந்தும் தீ, தரை, சண்டை வகை அணிகள் என்னை எளிதாகத் தோற்கடிக்கின்றன. மின் வகை அணியின் மெக்னசோன் வந்தால் என் கோர்விநைட்டை மாற்றவும் முடிவதில்லை. நான் பிழையான வகையைத் தெரிவுசெய்துவிட்டேனா? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை, தங்கச்சி. தொடங்குபவர் ஒருவர் என்னிடம் வகை கேட்டால் நான் முதலில் சொல்வது உருக்கைத்தான். பத்து வகைகளைத் தாங்குவதோடு நஞ்சு அதைத் தீண்டவே தீண்டாது. நீங்கள் குறிப்பிட்ட மூன்றும்தான் அதன் பலவீனங்கள். அந்த மூன்றுக்கும் தனித்தனியே ஒரு காவலாளி இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

தரை வகைக்குக் காவல், பறக்கும் வகையைக் கொண்ட உங்கள் கோர்விநைட். தீ வகைக்குக் காவல் ஹீட்ரன். ஃபிளாஷ் ஃபயர் திறனால் தீயை விழுங்கித் தன் தீத் தாக்குதலைப் பெருக்கிக்கொள்ளும். சண்டை வகைக்குக் காவல், உருக்கும் ஆவியும் சேர்ந்த கோல்டெங்கோ. சண்டைத் தாக்குதல் அதன் மீது படாது. உங்கள் வட்டத்தின் விதிப்பட்டியல் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்ரனுக்குத் தரை நான்கு மடங்கு, அங்கே கோர்விநைட் வரும். கோர்விநைட்டுக்குத் தீ ஆகாது, அங்கே ஹீட்ரன் வரும். ஹீட்ரனுக்குச் சண்டையும் ஆகாது, அங்கே கோல்டெங்கோ வரும். இந்த மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நிற்கும்போது, மீதி மூன்று இடங்களையும் தாக்குபவர்களால் நிரப்பலாம். தரைக்குக் காவலாக, மிதந்து தரைத் தாக்குதலைத் தவிர்க்கும் லெவிடேட் திறனுள்ள புரொன்சோங்கை மட்டும் நம்பாதீர்கள். மோல்ட் பிரேக்கர் திறனுள்ள எக்ஸ்கட்ரில் அடிக்கும் எர்த்குவேக் லெவிடேட்டை மதிக்காது. பறக்கும் வகையை அது ஒன்றும் செய்ய முடியாது.

மெக்னசோன் விடயம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. அதன் மெக்னட் புல் திறன், உருக்கு வகையைச் சாதாரணமாக மாற்றவிடாமல் பிடித்துவைக்கும். ஆனால் யூ-டேர்ன் அடித்து வெளியேறுவதைத் தடுக்க அதனால் முடியாது. கோர்விநைட்டின் வேகம் 67, மெக்னசோனின் வேகம் 60. உங்களுடையதற்கு யூ-டேர்ன் கொடுத்து, வேகத்துக்கும் கொஞ்சம் ஈ.வி. ஒதுக்கிவிட்டால் அடி விழுமுன்னே வெளியேறலாம். மெக்னசோன் சொய்ஸ் ஸ்கார்ஃப் அணிந்து வந்தால் அது முந்தும். அப்படியொருவரோடு அடிக்கடி ஆடுகிறீர்கள் என்றால், பிடியிலிருந்து விடுவிக்கும் ஷெட் ஷெல் பொருளைக் கொடுங்கள். கோல்டெங்கோவை மெக்னட் புல் பிடிக்காது, ஆவி வகை எந்தப் பிடியிலும் அகப்படாது.

கேள்வி: சரிசாட்டை டிராகன் அணியில் சேர்க்க முடியவில்லை. ஏன்? – 9ஆம் தர மாணவன், மட்டக்குளி

பதில்: பார்வைக்கு டிராகன்போல இருந்தாலும் அது தீயும் பறத்தலும் சேர்ந்தது. தீ அணியிலும் பறக்கும் அணியிலும் சேர்க்கலாம். ஷோடவுனில் அணியைக் கட்டியதும், அது விதிக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் அதை ஒருமுறை அழுத்திவிடுங்கள். தடைப்பட்டியல் அவ்வப்போது மாறுவதால் பழகிய அணியையும் சரிபார்ப்பது நல்லது.

கேள்வி: பனி வகையை மிகவும் விரும்புகிறேன். எல்லாரும் அதுதான் மிகப் பலவீனமான வகை என்கிறார்கள். விட்டுவிடட்டுமா? – வாசகர், மருதானை

பதில்: விட வேண்டாம். ஆனால் எல்லாரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டு அணியைக் கட்ட வேண்டும். பனி தாங்கும் வகை பனி ஒன்றுதான். தீ, சண்டை, பாறை, உருக்கு நான்கும் அதற்குப் பகை. பாறை பகையாக இருப்பதால் ஸ்டெல்த் ரொக் விரிந்த களத்தில் பெரும்பாலான பனி போக்கிமொன்கள் ஒவ்வொரு வருகையிலும் காற்பங்கு உயிரை இழக்கும். ஆகவே உள்ளே இறங்கி அடிதாங்கி ஆடும் ஆட்டம் உங்களுக்கு ஒத்துவராது. எதிரி நிலைகொள்ளுமுன்னே வேகமாக முடிக்கும் ஆட்டமே உங்களுடையது.

அதற்கு மூலம் நைன்டேல்ஸின் பனி வகை வடிவமாகிய அலோலா நைன்டேல்ஸ். அது கொண்டுவரும் பனிப்பொழிவு, 2022இல் வந்த ஸ்கார்லட், வயலட் முதல் பனி வகைகளின் தற்காப்பை ஒன்றரை மடங்காக்குகிறது. அந்தப் பனியில் அது போடும் அரோரா வெய்ல் என்ற திரை, உங்கள் பக்கத்தின் மீது விழும் எல்லா அடிகளையும் பாதியாக்குகிறது. அதன் கையில் லைட் கிளே இருந்தால் அந்தத் திரை எட்டுச் சுற்று நிற்கும். அதன்பின் ஸ்லஷ் ரஷ் திறனுள்ள செட்டிடனை இறக்கினால், பனியில் அதன் வேகம் இருமடங்காகும். இடையில் களத்தைச் சுத்தப்படுத்த அவலக் இருக்கிறது. ரப்பிட் ஸ்பின் தெரிந்த அதன் தற்காப்பு அடிப்படையிலேயே 184, பனியில் உடல் வலுவால் அடிப்பவர் அதை அசைப்பது கடினம். உருக்கு அணிகளுக்கு எதிராக மமோஸ்வைனின் எர்த்குவேக்கை விட்டால் உங்களுக்கு நல்ல விடை குறைவு, அதை ஆட்டத்தின் இறுதிவரை காப்பாற்றுங்கள்.

நீர் அணிகளைக் கண்டு அஞ்சாதீர்கள். நீர் பனியைத் தாங்கும் என்ற பொது விதிக்குப் பனித் தாக்குதலாகிய ஃபிரீஸ் டிரை விலக்கு. நீர் வகைக்கு அது இரண்டு மடங்கு. மேலே வெள்ளவத்தைத் தம்பிக்கு நான் சொன்ன மூவரும், அதாவது பெலிப்பர், ஸ்வொம்பேர்ட், கிங்ட்ரா, இரண்டாவது வகை காரணமாக அதன் முன்னே நான்கு மடங்கு வாங்குவார்கள். தம்பியும் இதை வாசித்துக்கொள்ளட்டும்: அலோலா நைன்டேல்ஸை எதிரே கண்டால் அந்த மூவரையும் பின்னால் வைத்துவிட்டு, டொண்டோசோவையும் அசுமரிலையும் முன்னே விட வேண்டும்.

கேள்வி: நான் வேலைக்குப் போகும் தகப்பன். வாரத்தில் ஒரு மணித்தியாலம்தான் மகளோடு ஆடக் கிடைக்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அணியை மாற்றுகிறோம், ஆனாலும் முன்னேற்றம் தெரியவில்லை. – வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மாற்றுவதனால்தான் முன்னேற்றம் தெரியவில்லை. எந்த மாற்றம் உதவியது, எது கெடுத்தது என்று அறிய அந்த அணிக்கு அவகாசமே கிடைப்பதில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் நாற்பது நிமிடம் ஆடுங்கள், மீதி இருபது நிமிடத்தைத் தோற்ற ஆட்டமொன்றை மீண்டும் பார்க்க ஒதுக்குங்கள். ஷோடவுனில் ஆட்டம் முடிந்ததும் பதிவைச் சேமித்துச் சுற்றுச் சுற்றாக ஓடவிடலாம்.

மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து மூன்று நிரல்கள் கீறச் சொல்லுங்கள்: எத்தனையாவது சுற்று, எதிரே வந்தது என்ன, நாம் யாரை இறக்கினோம். கடைசிப் போக்கிமொன் விழுந்த சுற்றை எழுத வேண்டாம். ஆட்டம் கைவிட்டுப் போன சுற்று அதற்கு வெகுமுன்னரே இருக்கும். எனது கொப்பியில் உள்ள ஒரு வரி இது: "6ஆம் சுற்று. ரிலபூம் உள்ளே வந்தது. மழை ஒரு சுற்றுத்தான் மிச்சம். பராஸ்கியூடாவை வெளியே எடுக்கவில்லை." அந்த ஆட்டம் 19ஆம் சுற்றில் முடிந்தது, ஆனால் தோற்றது 6ஆம் சுற்றில். இப்படிப் பத்து வரிகள் சேர்ந்தபின் மூன்றாவது நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே பெயரே நான்கைந்து முறை வந்திருந்தால் அதைப் பிழையான நேரத்தில் இறக்குகிறீர்கள். எந்தப் பெயரை எழுதியும் பயனில்லை என்று தோன்றும் வரிகள் அதிகமிருந்தால், அப்போதுதான் அணியில் ஆள் மாற்ற வேண்டும். அப்போதும் ஒருவரை மட்டும்.

சேதத்தைக் கணிக்கும் கணிப்பானையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரே அடி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழாது. கணித்த சேதத்தில் 85 முதல் 100 வீதம் வரையான பதினாறு அளவுகளில் ஒன்று விழும். "இந்த முறை எப்படியோ தப்பிவிட்டது" என்று மகள் சொல்லும் இடங்களில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கும், அந்தச் சுற்றுக்காக அணியை மாற்றக்கூடாது. அடுத்த கடிதத்தில் உங்கள் ஆறு பெயர்களோடு அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். எந்த வகை என்றே நீங்கள் எழுதவில்லை.